பாட்டு முடிந்த பின் கொஞ்சம் அமைதி

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் அவள் அந்தத் தெருவில் இறங்கினாள். தூறல். மழை என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று குடையை மடக்கவும் முடியாது, அப்படி ஒரு நசநசப்பு. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் ஒரே கைபேசியைத் தலையோடு தலை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி, "சீ, மனுஷங்களா இவங்க?" என்றாள்.

எந்த வீடியோ என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. எங்கே பார்த்தாலும் இப்போது அந்த ஒன்றுதான். அதை வெட்டி ஒட்டிச் சேர்த்த எடிட்டரே அவள்தான்.

ஒரு பாட்டுக்குழுவின் கடைசிப் பாட்டுக்கான வீடியோ. மூன்று பேர் சேர்ந்து நடத்திய குழு அது. இரண்டு தலைமுறை அவர்கள் பாட்டைக் கேட்டுத்தான் காதலித்தது, சண்டை போட்டது, பிள்ளையைத் தூங்க வைத்தது. பாடியவருக்குச் சுருட்டை என்று பெயர். தலைமுடியால் வந்த பெயர். கிட்டார் வாசித்தவர் கம்பி. தாளம் போட்டவர் இடி. அவர் இப்போது கடல் தாண்டி மகள் வீட்டில் இருக்கிறார். சுருட்டைதான் இல்லை. தொண்டையில் வந்த கட்டி முதலில் அவர் குரலைத் தின்றது, அப்புறம் அவரை.

சுருட்டை நம் எடிட்டருக்கு அக்கா புருஷன். தொண்டையை அறுவை செய்வதற்கு முன், படுக்கையில் கிடந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, காற்றாய் வந்த குரலில் சொன்னார்: "இருந்தப்போ பாடினதைப் போட்டுக்கோங்க. போனப்புறம் என்னைப் புதுசா எழுப்பி நிறுத்தாதீங்க. கம்ப்யூட்டர்ல மூஞ்சி செஞ்சு ஆட வைக்காதீங்க." அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அக்கா, வெளிவராமல் கிடந்த கடைசிப் பாட்டுக்கு வீடியோ செய்யச் சம்மதித்தாள்.

அவளும் சொன்ன சொல் தவறவில்லை. பழைய படத்துண்டுகள், பழைய புகைப்படங்கள், அவர்கள் பாடிப் பதிந்த கம்பி வீட்டின் சுவர்கள். கடைசியில் காலி ஒலிப்பதிவு அறை, நடுவில் ஆளில்லாத மைக். திரை மெல்ல இருளும். அவ்வளவுதான்.

ஆனால் நேற்று, வீடியோ வெளியான அன்றே அக்கா கூப்பிட்டாள்.

"சத்தியம் பண்ணினியே குட்டி. உன்னை நம்பித்தானே சரின்னேன். அவரை நட்டநடு அறையில பொம்மை மாதிரி நிறுத்தி வெச்சிருக்கியே."

"அக்கா, நான் யாரையும் நிறுத்தல. வெறும் மைக்தான்க்கா."

"எனக்குக் கண்ணு இருக்கு. பேட்டி கேட்டு ஆள் வந்துட்டே இருக்காங்க. நாளைக் கழிச்சு வரச் சொல்லியிருக்கேன். என் தங்கச்சி செத்தவரை ஏமாத்திட்டான்னு சொல்லப்போறேன். அதோட உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல."

அம்மா இல்லாத வீட்டில் தலை பின்னிவிட்டு வளர்த்த அக்கா அவள். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

அதனால்தான் எடிட்டர் இன்றைக்குக் கம்பியின் வீட்டுக்கு வந்தாள். முடித்த வீடியோவை அவள் கொடுத்தது கம்பியிடம். ஊருக்கு வெளியிட்டதும் கம்பிதான். நடுவில் வேறு எந்தக் கையும் படவில்லை. அப்படியானால் யார் மாற்றியிருக்க முடியும்?

கதவைத் திறந்தவர் முகத்தில் சவரம் இல்லை. கிட்டார் வாசிக்கும் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றார்.

"வாம்மா. உன்னையும் கல்லால அடிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?"

"அடிக்கட்டும்ணா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. யார் மாத்தினது?"

"எதை?"

"நடிக்காதீங்க."

"நான் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

வீட்டுக்குள் ஈரக் கம்பளத்தின் வாடை. சுவரில் மூவரும் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் படங்கள் சாய்ந்து தொங்கின. முன்னறை மேசையில் மடிக்கணினி திறந்தே கிடந்தது. கம்பி தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அவள் கோப்பையைத் தொடவில்லை. சந்தேகம் வந்த வீட்டில் தேநீர்கூட ஒரு மாதிரியாகத்தான் தெரியும்.

"ரசிகருங்க எழுதியிருக்கறதைப் படிச்சியா?"

"படிக்கல. தைரியம் இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கேட்டுக்கோ. 'இதைச் செஞ்சவங்க கை அழுகிப் போகணும்.' இது உனக்கு. 'கிட்டார்காரர் மூஞ்சியைப் பாருங்க, பல்லு பிடுங்க உட்கார்ந்த மாதிரி.' இது எனக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"'அழுதுட்டேன். கடைசியில காலி மைக்கைக் காட்டினாங்க பாருங்க, அதுதான் மரியாதை.' அதுக்குக் கீழே ஒருத்தன்: 'எந்த ஊர்ல காலி? நடுவுல பொம்மையை நிறுத்தியிருக்காங்க, கண்ணை டாக்டர்கிட்ட காட்டு.' அதுக்கு அவன்: 'நீ முதல்ல மண்டையைக் காட்டு.' இதே கூத்துதான் மேலேயிருந்து கீழே வரைக்கும்."

"ஒரே வீடியோதானே எல்லாரும் பாக்கறாங்க?"

"ஒரே வீடியோதான். நீ கொடுத்தது எதுவோ அதைத்தான் போட்டேன்."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் படித்துக் காட்டியதை அப்படியே நம்ப அவளுக்கு மனமில்லை. ஒவ்வொன்றாகப் படித்தாள்.

'கணவருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. வீட்டுல பேச்சுவார்த்தை இல்லை.'

'முதுகைக் காட்டி நிக்கறார். ஏன் முதுகு? மூஞ்சி செய்யத் தெரியலையா?'

'நேத்து முதுகுதான் தெரிஞ்சது. இன்னைக்குக் கன்னம் தெரியுது. தினமும் மாத்தி மாத்தி ஏத்தறாங்களா? வெக்கமா இல்ல?'

திட்டியவர்கள் யாரென்று பார்த்தால், எல்லாம் உயிரை விடும் ரசிகர்கள். குழுவின் பெயரைக் கையில் பச்சை குத்தியவர்கள், பிள்ளைக்குச் சுருட்டையின் பெயரை வைத்தவர்கள். மெச்சியவர்களோ, போகிற போக்கில் ஒருமுறை பார்த்து ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தவர்கள். இது எப்படித் தலைகீழாக இருக்கிறது என்று அவள் யோசித்துக்கொண்டே வந்தபோது, ஒரு நர்ஸ் எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

'சண்டை போடாதீங்க. முதல்ல பாத்தப்போ எனக்கும் யாரும் தெரியல. ஹெட்ஃபோன் போட்டுத் திரும்பத் திரும்பப் பாத்தேன். பாக்கப் பாக்க வர்றார்.'

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"மூலப் பிரதி எங்க அண்ணா?"

"உள்ளதான். நீ வெச்ச இடத்துல."

பின்பக்க ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர், கூரை எல்லாம் பஞ்சடைத்த பலகை. கனத்த கதவைச் சாத்தியதும் தெரு செத்துப்போயிற்று. காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவதுபோல் இருந்தது. பட்டப்பகலிலும் அங்கே விளக்குப் போட்டால்தான் தன் கை தனக்குத் தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இயந்திரங்கள், அந்தப் பக்கம் அறையின் நடுவில் அந்த மைக். வீடியோவுக்காக வைத்தது, இன்னும் யாரும் எடுக்கவில்லை.

ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கடைசிக் காட்சியை மட்டும் ஓட்டினாள்.

காலி அறை. மைக். இருள்.

"பாத்தீங்களா? நான் செஞ்சது இதுதான்" என்றாள். குரலில் வெற்றி இருந்தது.

"இன்னொரு தடவை போடு."

காலி அறை. மைக். இருள்.

மறுபடியும் போட்டாள். மைக்கின் நிழல் கொஞ்சம் பருத்த மாதிரி தெரிந்தது. திரையில் தூசி என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள்.

"போதும்மா" என்றார் கம்பி.

"ஏன் போதும்? என்ன பயம் உங்களுக்கு?"

மறுபடியும்.

நிழலுக்குத் தோள் இருந்தது.

மறுபடியும்.

தோளுக்கு மேலே சுருட்டை முடி.

அவள் மூச்சை இழுத்தது ஹெட்ஃபோனையும் தாண்டிக் கேட்டது. திரையில், மைக்கை நெருங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். மெலிந்த முதுகு. நோய் தின்ற பிறகு இருந்த முதுகு. பழைய படத்துண்டுகள் ஒன்றிலும் இல்லாத முதுகு.

கண்ணாடித் தடுப்பின் வழியே நிஜ அறையைப் பார்த்தாள். அங்கே மைக் மட்டும்தான் இருந்தது.

எடிட்டர் என்றால் எடிட்டர்தான். பயத்திலும் கை வேலையை விடாது. அவள் படத்தை அப்படியே ஓடவிட்டு, ஒலியை மட்டும் அணைத்தாள்.

முதுகு மறைந்தது.

ஒலியைத் திறந்தாள்.

நின்றார்.

அணைத்தாள். இல்லை. திறந்தாள்.

இப்போது காதும் கன்னத்தின் ஓரமும் தெரிந்தன.

படத்தை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். "படத்துல இல்லண்ணா" என்றாள் மெல்ல. "சத்தத்துல இருக்கார்."

"அங்க சத்தமே இல்லையே. பாட்டுதான் முடிஞ்சுடுச்சே."

"அமைதி இருக்கு."

இதை விளங்கச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று ஓர் அமைதி இருக்கிறது. கம்பளம் ஒரு மாதிரி மூச்சு விடும், பலகை ஒரு மாதிரி. சுத்தமாக ஒலியே இல்லாமல் விட்டால், கேட்கிறவர் காதில் அது பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். அதனால் பாட்டு முடிந்ததும் எல்லாரையும் ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் அமைதியையும் கொஞ்சம் பதிந்து வைத்துக்கொள்வார்கள். இடைவெளி வந்தால் அதைப் போட்டு நிரப்புவார்கள். இந்தக் குழு அதை 'அமைதி எடுக்கறது' என்று சொல்லும். அப்படி எடுத்த அமைதிகள் இந்த வீட்டு இயந்திரத்தில் நிறையக் கிடந்தன.

கடைசிக் காட்சிக்கு அவள் அதில் ஒன்றைத்தான் எடுத்துப் போட்டாள். நீளமான ஒன்று. அதில் அத்தானும் மூச்சடக்கி நின்றிருப்பார் அல்லவா? முகமும் இல்லை, குரலும் இல்லை, சத்தியமும் கெடாது. ஆனாலும் தன் கடைசி வீடியோவில் மனுஷன் ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆசையாகச் செய்தாள். அதையும் எல்லாம் முடிந்த கடைசி நாளில்தான் சேர்த்தாள். அதற்கப்புறம் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்ததோடு சரி.

"அண்ணா, நான் எடுத்துப் போட்ட அந்த அமைதி என்னைக்கு எடுத்தது?"

கம்பி கைகளை மறுபடியும் அக்குளுக்குள் செருகினார்.

"வந்ததிலிருந்து எதையோ மறைக்கறீங்க. அக்கா நாளைக்கு என்னைத் தலைமுழுகப் போறா. சொல்லுங்க."

"அது அமைதி இல்லம்மா."

"பின்ன?"

"பாட்டு." அவர் குரல் தழைந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டையை வெட்டிட்டு வந்தப்புறம் ஒரு நாள் வந்தான். நானும் அவனும் மட்டும்தான். 'டேய், ஒண்ணே ஒண்ணு பாடிப் பாக்கறேன், ஓட்டு'ன்னான். சாடையில சொன்னான். அவன் வாயை நான் பாக்கக் கூடாதுன்னு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்னான். நான் கிட்டார் எடுத்தேன், வேண்டாம்னுட்டான். பாட ஆரம்பிச்சான்."

"அப்புறம்?"

"ஒண்ணும் வரல. காத்துகூட வரல. தோளு ஏறுது இறங்குது, கழுத்து நரம்பு புடைக்குது, முழு மூச்சா பாடறான். இங்க சத்தத்தை அளக்கற முள்ளு அசையல. எவ்வளவு நேரம்னு பாப்பேன்? எந்தப் பாட்டுன்னுகூட எனக்குத் தெரியல. பாதியில மெஷினை நிறுத்திட்டேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல. அவன் பாடிட்டே இருந்தான். ஓடலைன்னு அவனுக்குத் தெரியாது. முடிச்சுட்டுத் திரும்பி, எப்படின்னு கையால கேட்டான். அருமைடான்னேன். கேக்கணும்னான். இன்னொரு நாள் ஆகட்டும்டான்னேன். அழிக்க மனசு வரல. அமைதியோட அமைதியா சேர்த்து வெச்சுட்டேன்."

அறைக்குள், சுருட்டை எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் இருமல் மிட்டாயின் வாசனை வந்தது. லேசாகத்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருமே வாயில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

"வெளிய போயிடலாம்" என்று கம்பி கிசுகிசுத்தார்.

கனத்த கதவு ஒரு தள்ளுக்குத் திறக்கவில்லை. இரண்டாம் தள்ளுக்குத் திறந்தது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முன்னறையில் மடிக்கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. புதிது புதிதாக வந்து விழுந்தவற்றில் இப்போது சண்டையே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. மெச்சுகிறவரும் இல்லை, வைகிறவரும் இல்லை.

'முழுசாத் திரும்பிட்டார்.'

'எனக்கும்.'

'என்னையே பாக்கற மாதிரி இருக்கு. உங்களுக்கும் அப்படித்தானா?'

'வாயைத் திறக்கறார்.'

'ஷ்ஷ். பேசாதீங்க யாரும்.'

"எடுத்துடுங்கண்ணா! வீடியோவை எடுங்க!"

"ஏன் எடுத்தீங்கன்னு எல்லாரும் கேப்பாங்களே..."

"கேக்கட்டும்! அக்கா பாத்துட்டிருப்பா. யாரையும் விட அவதான் அதிகமாப் பாத்திருப்பா!"

கம்பி இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினார். மூன்றாவதாகச் சரியாக விழுந்தது. 'இந்த வீடியோ நீக்கப்பட்டது' என்று திரை சொன்னது. அதோடு நிற்காமல் அவள் உள்ளே ஓடி, மூலப் பிரதியை அழித்தாள். அந்த அமைதியையும் அழித்தாள். கண்ணாடித் தடுப்பின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தபோது கைபேசி அதிர்ந்தது.

அக்கா.

"குட்டி." குரலில் கோபமே இல்லை. கல்யாணமான புதிதில் அக்கா பேசுவாளே, அந்தக் குரல். "என்னை மன்னிச்சுடுடி. அநியாயமா உன்னைத் திட்டிட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. எனக்கு இப்பத்தான் தெரியும்."

எடிட்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா... யாருக்கா சொன்னா? கம்பி அண்ணன் இங்க என்கூடத்தானே இருக்கார்."

"அவர்தான் சொன்னார்."

"எவர்?"

"குட்டி பாவம், அவ சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கா, அவளைத் திட்டாதேன்னார். பேட்டி எல்லாம் வேண்டாம்னுட்டேன்." அக்கா லேசாகச் சிரித்தாள். "ஆனா பாதியில நிறுத்திட்டீங்களாமே. அதுதான் அவருக்கு வருத்தம். முன்னாடியும் ஒருக்கா அப்படித்தான் பண்ணினீங்களாம்."

"அக்கா, நீ வாசலுக்குப் போ. பக்கத்து வீட்டுக்குப் போ. நான் இதோ கிளம்பிட்டேன், அக்கா, கேக்குதா?"

"பரவாயில்ல, இங்கயே முடிச்சுக்கறேன்னு சொல்றார். சும்மா இரு. ஆரம்பிக்கறார்."

"அக்கா!"

"ஷ்ஷ்."

அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுபடவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அக்காவின் மூச்சு இல்லை. அவள் வீட்டு மின்விசிறி இல்லை, தெருவின் வண்டிகள் இல்லை. காதுக்குள் கட்டைவிரலை வைத்து அமுக்கினது மாதிரி ஓர் அமைதி மட்டும் வந்துகொண்டே இருந்தது. இதை அணைக்கலாமா? பாதியில் நிறுத்தினால் இந்தத் தடவை எங்கே போவார்? அணைக்காவிட்டால் அக்கா என்ன ஆவாள்? கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்மேல் நின்றது. அழுத்தவும் வரவில்லை, எடுக்கவும் வரவில்லை.

"அண்ணா," என்று உதவிக்குக் கம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம், கைபேசியின் ஒலி எட்டாத தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கன்னத்தில் நீர் வழிந்தது. கைகள் அக்குளுக்குள் இல்லை.

வலது கை மடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. இடது கை விரல்கள் வெறும் காற்றில் இல்லாத கம்பிகளை அழுத்தி, இடம் மாறி, மறுபடி அழுத்தி, யாரோ பாடுவதற்கு ஏற்ப ஒரு அடிகூடப் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தன.